பட்டையும் சோறும்

பிரம்பு வாங்கப் போனால் கட்டை அவிழ்க்கும் முன்பே மூக்கை வைத்து ஒருமுறை முகர்ந்துவிடுவேன். புளித்த வாடை வந்தால் உள்ளே ஈரம் நிற்கிறது. மும்பை மழையில் அந்தக் கட்டு பூஞ்சை பிடித்து நீலம் பாய்ந்துவிடும். பிறகு எந்தப் பாலீஷ் போட்டாலும் அந்தக் கறை போகாது. வாடை சரியாக இருந்தால் ஒரு கோலை உருவி நகத்தால் கீறுவேன். முற்றின பிரம்பின் தோலில் நகம் வழுக்கும். தோல் சுருங்கி நீளவாக்கில் வரி விழுந்திருந்தால், முற்றும் முன்பே வெட்டிவிட்டார்கள். கடைசியாகக் கோலின் அடிமுனையைத் தரையில் தட்டிப் பார்ப்பேன். மாவு கொட்டினால் உள்ளே பூச்சி குடியிருக்கிறது. "அது மண்ணு பாய்" என்பார் கடைக்காரர். மண் வெளியே ஒட்டியிருக்கும், உள்ளேயிருந்து கொட்டாது.

இந்தத் தொழிலில் எல்லாமே தோல்தான். பிரம்பைக் குறுக்கே வெட்டினால் மூங்கிலுக்கு இருக்கும் பொந்து இதில் இருக்காது, முழுக்கக் கெட்டி. அந்தக் கெட்டியும் எங்கும் ஒரே அளவு கிடையாது. விளிம்பை ஒட்டி நார் நெருங்கி நிற்கும், நடுவுக்கு வர வர விலகிப் போகும். தோலில் மணல்சத்து, அதாவது சிலிக்கா, படிந்திருக்கும். அந்த வெளித்தோலைச் சீவி எடுத்தால் பட்டை. மிச்சம் நிற்கும் உள்தண்டை நாங்கள் சோறு என்போம். ஆள் உட்காரும் இடத்தைப் பட்டையால்தான் பின்ன வேண்டும். சோறு சாயத்தை நன்றாகக் குடிக்கும். கூடைக்கும் பூந்தட்டுக்கும் விளக்குக் கூண்டுக்கும் சொன்னபடி வளையும். ஆனால் எடையைத் தாங்க அதை நம்பக் கூடாது. மலிவாக வாங்கிய பிரம்பு நாற்காலி இரண்டு வருஷத்தில் தொங்கிப்போனால், பெரும்பாலும் பட்டை போட வேண்டிய இடத்தில் சோற்றைப் போட்டிருப்பார்கள். மேலே வார்னிஷ் அடித்துவிட்டால் வாங்குபவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

எங்களுக்குத் தைக்கால். சிதம்பரத்திலிருந்து சீர்காழி போகிற சாலையில் கொள்ளிடம் ஆற்றைத் தாண்டியதும் வரும். காரில் போகிறவர்களுக்கு ஊர் பெயர் தெரியாவிட்டாலும், சாலையோரம் ஊஞ்சலும் தொட்டிலும் சோபாவும் வரிசையாகத் தொங்குவதைப் பார்த்து நிறுத்திவிடுவார்கள். அந்தக் காலத்தில் ஆற்றங்கரைப் புதரிலேயே பிரம்பு கிடந்தது என்று அத்தா, அதாவது என் அப்பா, சொல்லுவார். நம்பக்கூடிய பேச்சுதான். குறுந்தொகையில் ஔவையார் பாட்டு ஒன்றில் பிரம்பின் பழத்தைக் குளத்துக் கெண்டை கவ்வுகிறது. மலைக்காட்டுச் செடியை மருதநிலத்துக் குளக்கரையில் வைக்க அந்தக் காலத்துப் புலவருக்கு அவசியம் இல்லை. சமவெளியில், தண்ணீர் ஓரத்தில் வளர்கிற இனமும் உண்டு. 1753-ல் லின்னேயஸ் 'கலாமஸ் ரோட்டாங்' என்று பெயர் வைத்ததும், தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருப்பதும் அதுவே. எனக்கு விவரம் தெரிந்த காலத்தில் எங்கள் ஊருக்கு அசாமிலிருந்தும் அந்தமானிலிருந்தும் மலேயாப் பக்கத்திலிருந்தும்தான் சரக்கு வந்தது. கரையில் கருவேலம்தான் மிச்சம்.

பிரம்பு பனைச் சாதி. உலகத்தில் சுமார் 600 இனம் இருக்கிறது என்கிறார்கள். பனை நிமிர்ந்து நிற்கும். இது பக்கத்து மரத்தைப் பிடித்து ஏறும். ஓலையின் நுனி சாட்டையாக நீண்டு, அதில் பூனை நகம் அளவுக்குக் கொக்கிகள் வரிசையாக இருக்கும். கொடிக்கு மேலே முள் உறை வேறு. வெட்டுகிறவர் கொடியை அடியில் அறுத்துவிட்டு, மரத்தின் மேலிருக்கும் கொக்கிகள் விடுகிறவரை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். காய்ந்த கிளையும் எறும்புக் கூடும் தலையில் விழுவது சகஜம் என்று அந்தமானிலிருந்து வந்த ஒருவர் சொன்னார். நூறு மீட்டரைத் தாண்டிய கொடிகள் உண்டு. மரத்தைப் போல வருஷா வருஷம் பருக்காது; முதலில் என்ன கனத்தில் தண்டு எழும்பியதோ கடைசி வரை அநேகமாக அதே கனம். எங்களுக்கு வசதி அதுதான். பட்டையை எத்தனை அடி உரித்தாலும் அகலம் மாறாது.

அத்தா பம்பாய்க்கு வந்தது அறுபதுகளின் நடுவில். 1966-ல் சிவசேனை தொடங்கி, 'மதராஸி' கடைப் பலகைகள் மேல் கல் விழுந்த காலம். "நமக்குப் பலகையே கிடையாது, கல்லு எங்க விழும்?" என்று பின்னாளில் சிரிப்பார். தாராவியில் ஒரு தகரக் கொட்டகை, அதில் ஊர்க்காரர்கள் பலர். பகலில் சைக்கிள் பின்னால் பட்டைச் சுருளைக் கட்டிக்கொண்டு மாட்டுங்கா, தாதர், சயான், செம்பூர் என்று சுற்றுவார். "குர்ஸி புன்னேவாலா" என்று மராட்டி வீடுகளுக்கும் குஜராத்தி வீடுகளுக்கும் ஒரு குரல். மாட்டுங்காவில் ஆஸ்திக சமாஜம் தெருவுக்குள் நுழைந்ததும் "நாற்காலி பின்றது" என்று தமிழில் ஒரு குரல். அங்கே எந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாலும் தேக்குச் சட்டத்தில் ஈசிசேர் ஒன்று ஜன்னலோரமாகக் கிடக்கும், அதில் ரிடையரான ஒருவர் பேப்பரோடு கிடப்பார். பள்ளிக்கூடம் விட்ட நேரங்களில் நானும் சைக்கிளோடு ஓடினேன். தொழில் கற்றது அந்த வீடுகளின் வராந்தாக்களில்தான்.

கைப்பின்னல் இருக்கையைச் சொல்கிறேன். இருக்கைச் சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளை போட்டிருக்கும். முதலில் பழைய பின்னலை அறுத்து எடுத்து, துளைக்குள் இறுகிக் கிடக்கும் பழைய பட்டையையும் வார்னிஷையும் குத்தூசியால் குடைந்து வெளியே தள்ள வேண்டும். இந்த வேலைக்கு யாரும் கூலி தருவதில்லை, ஆனால் பாதி நேரம் இதற்கே போகும். அதற்குள் ஒரு வாளித் தண்ணீரில் பட்டைச் சுருள் ஊறட்டும். கால் மணி நேரம் போதும். ராத்திரி முழுக்க ஊறப் போட்டால் நிறம் செத்துச் சாம்பலாகிவிடும்.

பின்பக்கச் சட்டத்தின் நடுத்துளையில் தொடங்கி முன்பக்க நடுத்துளைக்கு இழுத்து, கீழே இறக்கி, பக்கத்துத் துளையில் ஏற்றித் திரும்பவும் பின்னால். பளபளப்பு எப்போதும் மேலே. அங்கங்கே ஆப்பு வைத்துக்கொள்வோம். இது நெடுக்கு. அடுத்தது குறுக்கு, அதன் மேல் சும்மா படுக்க வைத்தால் போதும். மறுபடி ஒரு நெடுக்கு, முதல் நெடுக்குக்கு வலப்பக்கமாக ஒட்டியபடி. நாலாவது நடை குறுக்கு, இதில்தான் பின்னல் தொடங்குகிறது: ஒரு நெடுக்குக்கு மேலே, இன்னொன்றுக்குக் கீழே. அது முடிந்தால் கட்டம் கட்டமாக நிற்கும். பிறகு மூலைக்கு மூலை இரண்டு நடை, ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். மூலைப் பட்டை சரியான பக்கமாகப் போனால் எண்ணெய் போட்டது போல ஓடும். ஒரு இடத்தில் மேல்கீழ் மாறிவிட்டால் உரசி, ஓரம் பிசிறும்; கண்ணுக்குத் தெரியும் முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும். எல்லாம் முடிந்ததும் எட்டு மூலையுள்ள ஓட்டைகள் விழும். கடைசியில் துளைகளை மறைத்துச் சுற்றிலும் ஒரு அகலப் பட்டையை வைத்துக் கட்டினால் வேலை தீர்ந்தது.

முதல் இரண்டு நடையை இறுக்கிக் கட்டக் கூடாது. நாலாவது நடைக்குப் பிறகு பட்டை ஒன்றை ஒன்று தூக்கி வாங்கும். மூலைப் பின்னல் ஏறும்போது இன்னும் இறுகும். முதலிலேயே இறுக்கினால் கடைசி நடை நுழையாது, நுழைத்தால் அறும். இதை மாட்டுங்கா மாமிகளுக்குப் புரிய வைப்பது பெரும்பாடு. சமையல் ரூமிலிருந்து தோசைக் கரண்டியோடு ஒரு மாமி வந்து நிற்பார்.

"என்னப்பா, இப்படித் தொளதொளன்னு போடறே? ஒக்காந்தா உள்ளே போயிடாதா?"

"ஈரமா இருக்கு மாமி. காயட்டும். நாளைக்குத் தட்டிப் பாருங்க."

"நாளைக்கு நீ இங்க இருக்க மாட்டியே."

எங்கள் கூலி துளைக் கணக்கு. அந்த மாமி துளைகளைத் தானே எண்ணிவிட்டுத்தான் வேலையைக் கொடுத்தார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பட்டை போகிற மூலைத் துளையை ஒன்றாக எண்ணுவதா இரண்டாக எண்ணுவதா என்று அத்தாவுக்கும் அவருக்கும் ஒரு வழக்கு நடந்தது. காபி வந்த பிறகு ஒன்றரை என்று தீர்ந்தது. மறுநாள் பின்னல் காய்ந்து, தட்டினால் ஒலி எழும்பியது. பட்டை ஊறினால் நீளும், காய்ந்தால் சுருங்கும். தொழில் முழுக்க அந்தச் சின்ன வித்தியாசத்தில் நிற்கிறது.

அதனால்தான் தொங்கின இருக்கையை எல்லாரும் உடனே பிரிக்கத் தேவையில்லை. பட்டை அறுந்திருக்காவிட்டால், நாற்காலியைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தை ஈரத்துணியால் நன்றாக நனைத்து, ஒரு ராத்திரி யாரும் உட்காராமல் விட்டால் தானாக இழுத்துக்கொள்ளும். மேல்பக்கத்தை நனைத்துப் பயனில்லை. அங்கே தோலின் மினுக்கு தண்ணீரை உள்ளே விடாது. இதைச் சொன்னால் எனக்குக் கூலி போய்விடும் என்று மருமகன் திட்டுவான். சொல்லாமல் இருக்க முடியவில்லை. செம்பூரில் இப்போது வரும் புகார் வேறு மாதிரி: ஏசி. முன்பு மும்பையின் உப்புக் காற்றில், ஈரக் காற்றில், பிரம்பு எப்போதும் கொஞ்சம் பதமாகவே இருந்தது. அடைத்த அறையில் ராத்திரி பகலாக ஏசி ஓடினால் பட்டை வறண்டு, உட்காரும்போது படக்கென்று முறியும். மாதத்துக்கு ஒருமுறை அடியில் தண்ணீர் தெளியுங்கள் என்றால், "தண்ணி பட்டா வீணாப் போயிடாதா?" என்று கேட்கிறார்கள். மரத்தோடு குழப்பிக்கொள்கிறார்கள்.

பெயர்க் குழப்பமும் உண்டு. நம் ஊரில் பிரம்பு என்றால் பாதிப் பேருக்கு வாத்தியார் கைதான் ஞாபகம் வரும். மதுரையில் பிட்டுக்கு மண் சுமந்த சிவன் முதுகில் பாண்டியன் வைத்ததும் அதேதான். மராட்டியில் வேத், இந்தியில் பேத், கடைகளில் கேன். ரத்தான் என்கிற பெயர் மலாய் மொழியின் ரோத்தானிலிருந்து வந்தது; மலேசியத் தமிழர்கள் இன்றைக்கும் ரோத்தான் என்றுதான் சொல்கிறார்கள், அங்கே அது பள்ளிக்கூடத்தையும் கோர்ட்டையும் சேர்த்து ஞாபகப்படுத்தும் சொல். மும்பையில் ரத்தான் என்று கேட்டு வருகிறவர்களில் நிறையப் பேர் கையில் இருக்கும் படம் பிளாஸ்டிக். இரும்பு அல்லது அலுமினியக் கூட்டில் பாலிஎத்திலீன் நாடாவைச் சுற்றியது. சந்தேகம் இருந்தால் வெட்டு முனையைப் பாருங்கள்: பிளாஸ்டிக்கில் உள்ளும் புறமும் ஒரே நிறம், கணு கிடையாது. பிரம்பில் கணு கட்டாயம் இருக்கும்.

பிளாஸ்டிக்கை நான் திட்டப் போவதில்லை. செம்பூரில் இருபதாவது மாடி பால்கனி, மேற்கு வெயில் நேராக அடிக்கும், ஜூன் வந்தால் சாரல் உள்ளே வரும். அங்கே பிரம்பு ஊஞ்சலைத் தொங்கவிட்டால் மூன்று மழையில் கறுத்துப்போகும். அந்த இடத்துக்கு பிளாஸ்டிக்தான் சரி என்று சொல்லி அனுப்பிவிடுவேன். பிரம்பின் விலையைச் சொல்லி பிளாஸ்டிக்கை விற்பதுதான் எரிச்சல். மூங்கிலையும் பிரம்பையும் ஒன்றாக்குவது அடுத்தது. மூங்கில் புல் சாதி, உள்ளே பொந்து, வளைக்கப் போனால் பிளக்கும். மும்பையில் மூங்கில் வேலை புருட் சமூகத்தாருடையது. முறம், கூடை, பந்தல் எல்லாம் அவர்கள் கை. நாங்கள் அதைத் தொடுவதில்லை, அவர்கள் இதைத் தொடுவதில்லை.

கனத்த பிரம்பு தனி வித்தை. சோபாக் கை, ஊஞ்சல் வளையம், கட்டில் தலைமாடு எல்லாம் கட்டைவிரல் கனத்துக்கு மேல் வேண்டும். அதற்கு அந்தமான் சரக்கு வரும். அதைவிட உயர்ந்தது சுமத்ரா, மலேயாக் காடுகளின் மனாவ். அதைக் காட்டிலிருந்து வெட்டினதுமே டீசல் அல்லது எண்ணெயில் காய்ச்சி ஈரத்தையும் பிசினையும் எடுத்துவிடுவார்கள், தந்த நிறம் வரும். வளைக்க எங்களுக்கு ப்ளோ லாம்ப் வேண்டும். நெருப்பை ஒரே இடத்தில் காட்டினால் தோல் கருகி வடு விழும். கோலைத் திருப்பிக்கொண்டே, நெருப்பை முன்னும் பின்னும் ஓட்டிக்கொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் வெட்டு முனையில் நுரை மாதிரி ஈரம் கொப்பளிக்கும். அப்போது கை வைத்தால் கோல் எதிர்ப்பை விட்டிருக்கும். முளை அடித்த பலகையில் உடனே வளைத்துப் பூட்டிவிட்டு, ஈரத்துணியால் ஆற்ற வேண்டும். கைக்கு உறை போட்டால் அந்த எதிர்ப்பு விட்டது தெரியாது என்று அத்தா உறையே போட மாட்டார். நான் போடுவேன். என் இடது கையில் அவர் அளவுக்குத் தழும்பு இல்லை.

மனாவ் இப்போது கைக்கு எட்டுவதில்லை. இந்தோனேசியா 2012 ஜனவரியிலிருந்து கச்சாப் பிரம்பையும் பாதி பதப்படுத்தின பிரம்பையும் வெளியே அனுப்புவதை நிறுத்தியது. உலகத்துப் பிரம்பில் பெரும்பகுதி அந்த நாட்டுக் காடுகளுடையது. சாமான் செய்து வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள், கோலாகத் தர மாட்டோம் என்றார்கள். அவர்கள் ஊர்த் தொழிலாளிக்கு வேலை வேண்டும் என்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நான் அங்கே பிறந்திருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன். மனாவ் ஒற்றைத் தண்டாக வளர்வது, வெட்டினால் அடியிலிருந்து திரும்பத் துளிர்க்காது. தூறு கட்டும் இனங்கள் மாதிரி அறுத்து அறுத்து எடுக்க முடியாத செடியை உலகம் முழுக்கக் கேட்டால் எத்தனை நாளைக்கு?

நம் நாட்டுக் காட்டுக் கதை இன்னொன்று. 1927-ஆம் வருஷத்து இந்திய வனச் சட்டத்தில் மரம் என்கிற சொல்லுக்குள் பனை, மூங்கில், அடிக்கட்டை, புதர், பிரம்பு எல்லாவற்றையும் அடக்கியிருந்தார்கள். 2017 கடைசியில் அவசரச் சட்டம் போட்டு அதிலிருந்து மூங்கிலை மட்டும் எடுத்துவிட்டார்கள். மூங்கில் புல் ஆகிவிட்டது. பிரம்பு சட்டத்தில் இன்னும் மரம். காட்டை விட்டு லாரி வெளியே வர அதற்குப் பாஸ் வேண்டும். எங்கள் மொத்த வியாபாரிகள் விலை ஏற்றும்போது முதலில் சொல்வது இந்தப் பாஸ் கதையைத்தான். எவ்வளவு நிஜம், எவ்வளவு லாபம் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

பட்டைக்கு ஒரு போக்கு உண்டு என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் பார்வையற்ற ஒருவர். மும்பையில் நாற்காலி பின்னல் நெடுங்காலமாகப் பார்வையற்றோருக்குக் கற்றுக்கொடுத்த தொழில். தேசியப் பார்வையற்றோர் சங்கம் 1952-ல் தொடங்கியதும் இந்த நகரத்தில்தான். அரசாங்க ஆபீஸ் நாற்காலிகளைப் பின்ன அவர்களை வைத்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ரிடையரான பிறகு சயான் பக்கம் எங்களோடு கொஞ்ச காலம் வேலை செய்தார். பட்டையின் மேல் நகத்தை ஓட்டுவார். ஒரு பக்கமாக ஓட்டினால் கணுவில் நகம் தட்டும், எதிர்ப்பக்கம் ஓட்டினால் தட்டாது. தட்டாத பக்கமாகத்தான் இழுக்க வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு கணுவும் பின்னலில் மாட்டிப் பிசிறும். எனக்கு அதுவரை சில பட்டை சொன்னபடி கேட்கும், சில கேட்காது, அவ்வளவுதான் தெரியும். வெளிச்சம் போனாலும் அவர் கை நிற்காது. ஆறு மணிக்கு மேல் நாங்கள் பல்பு போட்டால், கரண்ட் பில்லைப் பற்றி அவர் கிண்டல் செய்வார்.

பிரம்பு கைவிட்டுப் போன இடங்களையும் பார்த்திருக்கிறேன். கலவரம் அடக்கப் போகும் போலீஸ்காரர் கையில் முன்பெல்லாம் பிரம்பால் பின்னிய கேடயம் இருக்கும். கல் பட்டால் அமுங்கித் திரும்பும், உடையாது. இப்போது கண்ணாடி போல வெளியே தெரியும் பாலிகார்பனேட். சிவாஜி பார்க்கில் ஸ்ரீ சமர்த் வியாயாம் மந்திரில் பையன்களும் பெண்களும் கயிற்றில் தொங்கி மல்லகாம்ப் செய்வதைப் பார்க்க நான் போவதுண்டு. ஆதியில் அது கயிறு இல்லை, தொங்கவிட்ட பிரம்பு. நீளமான, உடம்பு எடை தாங்கக்கூடிய நல்ல பிரம்பு கிடைக்காமல் பருத்திக் கயிற்றுக்கு மாறினார்கள். கயிற்றில் செய்யும் அதே முடிச்சை வழுக்கும் பிரம்பில் எப்படிப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குக் கால் கூசும்.

2005 ஜூலை 26-ஐச் சொல்லாமல் தாராவிக்காரன் எந்தக் கதையையும் முடிக்க முடியாது. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. மித்தி ஆறு எங்கள் சந்துகளுக்குள் வந்தது. பட்டைச் சுருள்கள் மேல் பரணில் இருந்ததால் பிழைத்தன. கனத்த கோல்கள் கட்டோடு சாக்கடையில் கிடந்தன. தண்ணீர் வடிந்த பிறகு மசூதிப் பக்கம் ஒரு மொட்டை மாடியில் விரித்துக் காயப் போட்டோம், வெயில்தான் வரவில்லை. எல்லாம் நீலம். நீலம் பாய்ந்த பிரம்பின் வலு உடனே போய்விடாது, அழகுதான் போகும். அந்த வருஷம் நாங்கள் செய்த சோபாக்கள் எல்லாவற்றுக்கும் கறுப்பு வால்நட் ஸ்டெயின். வாங்கினவர்கள் புது ஃபேஷன் என்று நினைத்தார்கள்.

மருமகன் பார்ப்பது புதுக் கிராக்கி. மிஷினில் நெய்த ஜாலி, அதாவது பிரம்பு வலை, ரோலாக வருகிறது; சட்டத்தில் பள்ளம் எடுத்து, ஜாலியை நனைத்து, பசை வைத்து, மேலே ஒரு பிரம்புக் குச்சியை அடித்து இறக்கினால் ஒரு மணி நேரத்தில் நாற்காலி தயார். பாந்த்ரா காபிக் கடைகள், அந்தேரி ஆபீஸ்கள், அலமாரிக் கதவுகள் எல்லாம் இதுதான். அலமாரிக் கதவுக்கு அருமையான பொருள். உட்காரும் இடத்துக்கு நான் ஒப்ப மாட்டேன். ஒரு இடத்தில் அறுந்தால் முழு ஜாலியையும் பிடுங்க வேண்டும். கைப்பின்னலிலும் அறுந்தால் பிரிக்கத்தான் வேண்டும், ஆனால் அது அறுவதற்குள் ரோல் ஜாலி இரண்டு முறை மாறியிருக்கும் என்பது என் வாதம். "மாமா, அவங்க கடை அவ்வளவு நாள் இருக்காது" என்பது அவன் வாதம்.

எல்லாரும் கேட்பது சண்டிகர் சேர். ஐம்பதுகளில் அந்த நகரத்து அரசு அலுவலகங்களுக்காகப் பியேர் ஜான்னரே வடிவமைத்தது; தேக்குச் சட்டம், தலைகீழ் 'வி' போன்ற கால், இருக்கையும் சாய்மானமும் பிரம்புப் பின்னல். பின்னல் போனதும் பல நாற்காலிகளை மொட்டை மாடியில் குவித்து, பழைய சாமானாக ஏலம் விட்டார்கள். அவை வெளிநாட்டு ஏலக் கூடங்களில் லட்சக்கணக்கில் விலை போவது தெரிந்த பிறகு, 2011-ல் மத்திய உள்துறை அவற்றை விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. துளைக்குப் பத்தோ இருபதோ கொடுத்துத் திரும்பப் பின்னியிருந்தால் அந்த ஆபீஸ்களிலேயே கிடந்திருக்கும். இப்போது தாராவியில் நாங்கள் அதன் நகலைச் செய்கிறோம். நகலுக்கும் கைப்பின்னல் கேட்கிற ஆர்க்கிடெக்ட் வந்தால் மருமகன் என்னைக் கூப்பிடுவான். அந்த வேலைக்கு விலை சொல்வது நான்; எவ்வளவு சொன்னாலும் அவர்கள் முகம் மாறுவதில்லை என்பதுதான் எனக்கு இன்னும் பழகவில்லை.

தாராவி மறுசீரமைப்புக்கு 2024-ல் கணக்கெடுப்பு தொடங்கியது. எங்கள் கொட்டகைக்கும் இரண்டு பையன்கள் டேப்பும் டேப்லெட்டுமாக வந்தார்கள். தகுதி உள்ள குடும்பத்துக்கு 350 சதுர அடி வீடு என்று பேச்சு. பட்டறைகளுக்கு என்ன, எந்த மாடி என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நீளம், அகலம், பரண் உயரம் எல்லாம் அளந்தார்கள், தண்ணீர்த் தொட்டியைப் படம் எடுத்தார்கள், ப்ளோ லாம்ப்பைப் பார்த்து ஒருவன் மற்றவனிடம் ஏதோ கேட்டான். என்ன தொழில் என்றதற்கு மருமகன் "கேன் ஃபர்னிச்சர்" என்றான். எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. கனத்த பிரம்பு பன்னிரண்டு அடிக் கோலாக வரும். மாடியில் பட்டறை கொடுத்தால் லிஃப்டுக்குள் அது நிற்குமா? படிக்கட்டு வளைவில் திரும்புமா?

"வெட்டி எடுத்துட்டுப் போக முடியாதா அங்கிள்?" என்றான் டேப் பிடித்திருந்தவன்.

ஊஞ்சல் வளையத்துக்கு ஒட்டுப் போடாத கோல் வேண்டும் என்று பலகையில் வளைந்து நின்ற ஒன்றைக் காட்டினேன். அவன் அதைத் தூக்கிப் பார்த்து, எடையைச் சொல்லி ஆச்சரியப்பட்டு, திரும்ப முளைக்குள் மாட்டத் தெரியாமல் என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த கடைக்குப் போனான்.